ஒரு டன் பெயின்ட் வீணாகவில்லை

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். அமெரிக்கப் பெண் ஓவியர் ஜே டிஃபியோவின் 'தி ரோஸ்' ஓவியத்தைக் காட்டி, "எட்டு வருஷமா ஒரே கேன்வாஸ்ல சிமெண்ட் பூசுற மாதிரி பூசிக்கிட்டே இருந்திருக்கு, லூசு" என்று வீடியோவில் பேசுகிறவர் சொல்கிறார், கீழே சிரிப்பு எமோஜிகள் வரிசை கட்டி நிற்கின்றன. சிரித்தவர்களில் பலர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள், நான் ஓவியம் பற்றி எழுதும்போதெல்லாம் லைக் போடுகிறவர்கள். அதுதான் மனதைப் போட்டு அறுக்கிறது.

பெயின்ட் தடிமனாக ஏறியிருக்கிற ஒரு படத்தை மொபைலில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அந்தத் தடிமன்தான் படம். போட்டோ முதலில் தின்றுவிடுவதும் அதைத்தான்.

'தி ரோஸ்' கிட்டத்தட்ட 11 அடி உயரம், 8 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். சில இடங்களில் பெயின்ட் 11 அங்குலம் வரை தடித்திருக்கிறது. எடை ஏறத்தாழ ஒரு டன். 1958இல் சான் ஃபிரான்சிஸ்கோவில், ஃபில்மோர் தெருவில் இருந்த தன் வீட்டில் டிஃபியோ இதைத் தொடங்கினார். பூசுவார், கத்தியால் செதுக்குவார், சரியாக வரவில்லை என்றால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுவார். ஆயில் பெயின்ட்டுக்குள் மரமும் மைக்காவும் இருக்கின்றன. 1965இல் வாடகை ஏறி வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தபோது அது வாசல் வழியாகப் போகவில்லை, ஜன்னலையும் அதன் கீழ்ச் சுவரையும் வெட்டித்தான் வெளியே இறக்கினார்கள். நண்பர் புரூஸ் கானர் அதை ஒரு குறும்படமாகவே எடுத்து வைத்திருக்கிறார்.

நியூயார்க் விட்னி மியூசியத்தில் அதன் முன்னால் நின்றிருக்கிறேன். நேரே நின்று பார்த்தால் நடுவிலிருந்து கதிர்கள் விரிகிற ஒரு சாம்பல் வெள்ளைப் படம், போட்டோவில் தெரிவதும் அதுதான். பக்கவாட்டில் நகர்ந்த பிறகுதான் எனக்குப் பேச்சு நின்றது. நடுவில் கதிர்களின் விளிம்பு அவ்வளவு கூர்மை, ஓரத்துக்குப் போகப் போக அதே பெயின்ட் முரடு தட்டிக் கட்டி கட்டியாகத் திரண்டு கிடக்கிறது. ஒரு மேட்டின் நிழல் அடுத்த பள்ளத்தில் விழுகிறது. அது தூரிகையால் வரைந்த நிழல் கிடையாது, நிஜமாகவே விழுகிற நிழல். ஓர் அடி தள்ளி நின்றால் அதுவரை கண்ணுக்குப் படாத இன்னொரு பள்ளம் தெரிகிறது. இதை ஆறு அங்குலத் திரையில் எப்படிப் பார்த்தீர்கள்?

"எல்லாரும் நியூயார்க் போக முடியுமா" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முடியாதுதான். போக முடியாதவர் "நான் பார்த்ததில்லை" என்று சொல்லலாமே, அதில் என்ன குறைந்துவிடும்? பார்க்காத ஒன்றைச் சிரித்துத் தள்ள வேண்டிய அவசரம் என்ன?

"டிஃபியோ அப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிஸ்டே இல்லை, பீட் காலத்து ஆள்" என்றும் ஒருவர் வருவார். வரட்டும். முதலாவது, உருவத்தைவிடப் பெயின்ட்டுக்கும் கை வீச்சுக்கும் இடம் தந்த அமெரிக்க ஓவிய இயக்கம், பீட் என்பது ஐம்பதுகளின் கலகக்கார எழுத்தாளர், கலைஞர் கூட்டம். எந்தப் பட்டியலில் சேர்த்தாலும் அந்தப் படத்தில் ஒரு கிராம் குறையாது.

ஆனால் "இப்ப சோஃபாவுக்கு மேல மாட்டுற டெக்ஸ்ச்சர் ஆர்ட்டும் இதும் ஒண்ணுதானே" என்ற கமெண்ட்டை விட முடியாது. அதில் மேடு பள்ளம் வரப் பூசுகிற டெக்ஸ்ச்சர் பேஸ்ட்டில் இருக்கும் தண்ணீர் வற்றினால் அது இறுகிவிடும், வேலை முடிந்தது. ஆயில் அப்படிக் காய்வதில்லை. காற்றில் இருக்கிற ஆக்சிஜனை உறிஞ்சித்தான் அது இறுகும், அதுவும் மேலிருந்து. மேலே தோல் கட்டிவிடும், உள்ளே வருஷக்கணக்கில் காயாமலே இருக்கும், தன் எடையாலேயே கீழே சரியும். அதனால் கனமாக ஆயில் பூசுகிறவர் காத்திருந்துதான் ஆக வேண்டும். நாம் பார்ப்பது அந்தக் காத்திருப்பைத்தான். போட்டோ தின்றுவிடுவதற்கு இன்னோர் உதாரணம்: அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் 1947ஆம் ஆண்டுப் படம் 'ஃபுல் ஃபேதம் ஃபைவ்'இல் பெயின்ட்டுக்குள் ஆணி, பட்டன், சாவி, காசு, சிகரெட் எல்லாம் புதைந்து கிடக்கின்றன. போட்டோவில் அவை வெறும் கறுப்புக் கோடுகளோடு கோடாகக் கலந்துவிடும்.

காயாத ஆயிலின் பாடு எனக்கு நன்றாகத் தெரியும். நான் கனமாகப் பூசிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு படத்தை, வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா, "காஞ்சிருச்சா பாப்போம்" என்று கட்டைவிரலால் அழுத்திவிட்டார். தோல் கிழிந்து உள்ளே இருந்த சிவப்பு பிதுங்கி வந்தது. அம்மா துணியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார், பெரியப்பாவின் விரலைத் துடைக்க. படத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "இதுலதான் ஏற்கெனவே மேடும் பள்ளமுமா இருக்கே, இன்னொண்ணு இருந்தா என்னம்மா" என்றார் பெரியப்பா. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, என் மேல் பாசமுள்ளவர். அந்த ஒவ்வொரு மேட்டையும் நான் யோசித்து வைத்தேன் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். இந்த வீடியோவில் சிரித்தவர்களுக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தால் வரட்டும். வில்லெம் டி கூனிங் என்ற ஆண் ஓவியர் 'வுமன் 1' படத்தை 1950இலிருந்து 1952 வரை பூசுவதும் சுரண்டுவதுமாக இருந்தார், நடுவில் வெறுத்துப்போய் ஒதுக்கி வைத்தார், மறுபடி எடுத்து முடித்தார். அதற்குத் தேடல் என்று பெயர், போராட்டம் என்று பெயர். நானும் அப்படித்தான் சொல்வேன், பெரிய படம் அது. அதே வேலையை ஒரு பெண் செய்தால் லூசா? "ரெண்டு வருஷமும் எட்டு வருஷமும் ஒண்ணா" என்கிறீர்களா? சரி, எத்தனையாவது வருஷத்தில் தேடல் பைத்தியமாக மாறுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

"அந்தப் படம் அவங்க வாழ்க்கையையே அழிச்சிடுச்சு" என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. முடித்த பிறகு சில வருஷம் அவர் எதுவும் வரையவில்லை. 1969இல் பசடேனாவிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் படத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டின் கூட்ட அறையில் நின்றது, சிதையத் தொடங்கியது, காப்பாற்றுவதற்காக மேலே பூச்சு போட்டார்கள், அந்த வேலை பாதியில் நின்றது, 1979இல் அதை மறைத்து முன்னால் ஒரு சுவரே வந்துவிட்டது. 1989இல் டிஃபியோ இறந்தார். 1995இல்தான் விட்னி அதை வெளியே எடுத்துச் சரிசெய்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. எழுபதுகளில் மறுபடி வரைந்தார், புகைப்படங்கள் எடுத்தார், பின்னர் மில்ஸ் கல்லூரியில் பாடம் நடத்தினார். இதில் ஒரு வரிகூட அந்த வீடியோவில் இல்லை. இருந்திருந்தால் 'லூசு' என்ற வார்த்தை வாயில் வந்திருக்காது.

அப்புறம் அந்தக் காசுக் கணக்கு. "அவ்வளவு பெயின்ட் வாங்கின காசுல..." என்று தொடங்குகிறவர்களுக்கு: நல்ல ஆயில் பெயின்ட் ட்யூப் ஒன்றின் விலை எனக்குத் தெரியும். கடைசித் துளி வரை நசுக்கி, ட்யூப்பை வெட்டித் திறந்து உள்ளே ஒட்டியிருப்பதையும் வழித்தெடுத்து வரைகிற என் நண்பர்களுக்கும் தெரியும். எங்களில் ஒருவருக்கும் அந்த ஒரு டன் வீண் என்று தோன்றவில்லை. ஒரு ட்யூப்கூட வாங்கியிராத உங்களுக்கு ஏன் தோன்றுகிறது?