பலகையில் தெரியும் விலை உறுதியானதல்ல

"டிக்கெட் வாங்கும்போது பலகையில் என்ன விலையோ அதுதான் கைக்கு வரும்" என்று குதிரைப் பந்தயக் குறிப்பில் எழுதியிருப்பது (விலை என்றால் கட்டிய 1 டாலருக்கு எத்தனை டாலர் லாபம் என்பது), விலையை முன்பே பேசிப் பந்தயம் ஏற்கும் புக்கியிடம் கட்டினால் சரி, அமெரிக்க மைதானங்களின் டோட் என்னும் பொதுப் பந்தயக் கவுண்டரில் அப்படி இல்லை. அங்கே எல்லாரும் கட்டிய பணம் ஒன்றாகச் சேரும், மைதானம் தன் பங்கைக் கழித்துக்கொள்ளும், மிச்சத்தைத்தான் ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரித்துத் தருவார்கள். குதிரைகள் கிளம்பும்வரை பணம் வந்துகொண்டே இருப்பதால் விலையும் மாறிக்கொண்டே இருக்கும். கடைசி நிமிஷத்தில் அதே குதிரை மேல் பெரிய தொகை விழுந்தால், 1-க்கு 5 என்று நம்பிக் கட்டியவருக்கு 3தான் கிடைக்கலாம். அப்புறம், பலகையில் இருப்பது சுருக்கிய எண். 2022 கென்டக்கி டெர்பி பந்தயத்தில் 1-க்கு 80 என்றிருந்த ரிச் ஸ்ட்ரைக் என்ற குதிரை ஜெயித்தபோது 2 டாலர் வின் டிக்கெட்டுக்கு (முதலிடம் வரும் என்று கட்டியது) வந்தது 163.60 டாலர், கட்டிய 2 டாலரும் அதில் அடக்கம். புதிதாகக் கட்டுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.