லிஸ்ட் எதுவா வேணா இருக்கட்டும், ரெண்டாவது தடவை கேளுங்க

கிட்டத்தட்ட ஒன்றரை வருஷமா ஒரு வேலை பண்ணிட்டிருக்கேன். "கட்டாயம் கேக்க வேண்டிய ஆல்பங்கள்"னு வந்த மூணு பெரிய லிஸ்ட்டை எடுத்து, திரும்பத் திரும்ப வர்றதையெல்லாம் ஒண்ணாக்கி, விட்டுப்போச்சேன்னு எனக்குத் தோணுனதையும் சேத்து மொத்தம் 400 ஆல்பம். ஜாஸ், சோல், ராக், ஃபோக், ரெகே, ஹிப்ஹாப், எலக்ட்ரானிக், ஆப்பிரிக்க இசை, கொஞ்சம் வெஸ்டர்ன் கிளாசிக்கல். இப்போ 263ல நிக்கறேன். எனக்கு நானே வச்சுக்கிட்ட ரூல் ரெண்டுதான். முதல் பாட்டுல ஆரம்பிச்சா கடைசிப் பாட்டு வரைக்கும் வரிசை மாத்தாம, ஸ்கிப் பண்ணாம கேக்கணும். அப்புறம், பிடிச்சுதோ பிடிக்கலயோ, ஒரு வாரத்துக்குள்ள இன்னொரு தடவை கேக்கணும், அதுக்கப்புறம்தான் நோட்டுல ஒரு வரி எழுதணும்.

அந்த ரெண்டாவது ரூலைப் பத்தித்தான் இவ்வளவு நீளமா எழுத வந்தேன். ஏன்னா அதை ஆரம்பத்துல வைக்கவே இல்ல. முதல் முப்பது ஆல்பத்தை ஒரே ஒரு தடவை கேட்டுட்டு, "நல்லாருக்கு", "சுமார்", "எனக்கு செட் ஆகல"ன்னு எழுதிட்டு போயிட்டே இருந்தேன். ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ'க்கு நான் அன்னிக்கு எழுதுனது "அமைதியா இருக்கு, ஒண்ணும் நடக்கல". அந்த வரி இன்னும் நோட்டுல அப்படியேதான் இருக்கு, அடிக்கல.

மூணு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி கரண்ட் போய், போன்ல டவுன்லோட் பண்ணி வச்சிருந்தது அது ஒண்ணுதான்னு மறுபடி போட்டேன். இருட்டுல ஹெட்போன். முதல் ட்ராக்ல டபுள் பாஸ்ங்கற பெரிய தந்தி வாத்தியம் ஒரு கேள்வி மாதிரி ஒரு வரி வாசிக்குது, பியானோ ரெண்டே ரெண்டு ஸ்வரத்துல "ஆமா"ன்னு பதில் சொல்லுது, அடுத்து ட்ரம்பெட்டும் சாக்ஸும் சேந்து அதே ரெண்டு ஸ்வரத்தை சொல்லுதுங்க. கேட்டுட்டே இருக்கும்போது சட்டுனு ஒண்ணு பிடிபட்டுச்சு, இந்த ஸ்வரங்கள் நமக்குத் தெரிஞ்சதாச்சே. வாய்க்குள்ள ஸ ரி க ம பாடிப் பாத்தா கரஹரப்ரியா ஸ்கேல்! வெஸ்டர்ன்ல அதுக்குப் பேரு டோரியன். ராகம்னு சொல்ல வரல, கமகம் கிடையாது, ராகத்துக்கே உரிய பிடி கிடையாது, ஆனா அந்த ஏழு ஸ்வரம் அதே ஏழுதான். 16 பார் (நம்ம ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாள அளவு) அதுல நிக்கறாங்க, அப்புறம் 8 பார் மட்டும் மொத்த ஸ்கேலையும் அரை ஸ்வரம் மேல தூக்கறாங்க, மறுபடி 8 பார் பழைய இடத்துக்கே வந்து உக்காந்துடறாங்க. அந்த அரை ஸ்வரம் ஏறுற இடம் இருக்கே, ஒரு தடவை காது அதைப் பிடிச்சுடுச்சுன்னா அப்புறம் ஒவ்வொரு சோலோலயும் அதுக்காகவே காத்துட்டிருப்பீங்க. "ஒண்ணும் நடக்கல"ன்னு நான் எழுதுன இடத்துல நடந்துட்டிருந்தது இது.

1959ல மார்ச் 2, ஏப்ரல் 22ன்னு ரெண்டே நாள்ல ரெக்கார்ட் பண்ணது. மைல்ஸ் எல்லாத்தையும் எழுதிக் குடுக்கல, ஸ்கேலும் சின்னச் சின்ன குறிப்பும்தான் குடுத்தாரு. சாக்ஸ் வாசிக்கற கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி, பியானோ வாசிக்கற பில் எவன்ஸ் மாதிரி ஆளுங்க அதை வச்சு மனோதர்மத்துல கட்டுனதுதான் மிச்சம் எல்லாம். இன்னொரு விஷயம், மார்ச் மாசம் ஓடுன டேப் மெஷின் ஒண்ணு கொஞ்சம் மெதுவா ஓடிடுச்சு, அதனால சரியான வேகத்துல போடும்போது எல்பியோட (பழைய ரெக்கார்டு தட்டு) முதல் பக்கத்துல இருக்கற மூணு ட்ராக்கும் ஸ்ருதி கொஞ்சூண்டு தூக்கலாவே வந்து, 1992 வரைக்கும் உலகமே அப்படித்தான் கேட்டுட்டிருந்தது. அதுக்கப்புறம்தான் சரி பண்ணாங்க.

அன்னிக்கே உக்காந்து முதல் முப்பதையும் திருப்பி ஆரம்பிச்சேன். அதுல பாதிக்கு மேல நான் எழுதி வச்ச வரி தப்புன்னு தெரிஞ்சுச்சு. முதல் தடவை கேக்கும்போது நம்ம காது அந்த ஆல்பத்தைக் கேக்கறதே இல்லைங்க, தனக்குப் பழகுனது எதாவது அதுல இருக்கான்னு தேடிட்டுத்தான் இருக்கு. தேடுனது கிடைக்கலேன்னா போரடிக்குதுன்னு சொல்லிடுது. அந்தத் தேடல் அடங்குனதுக்கப்புறம்தான் எதிர்ல இருக்கறது என்னன்னே தெரிய ஆரம்பிக்குது.

கோல்ட்ரேனோட 'எ லவ் சுப்ரீம்' அதுக்கு இன்னொரு சாட்சி. 1964 டிசம்பர் 9, ஒரே நாள்ல நாலு பேர் உக்காந்து வாசிச்சது, நாலு பகுதி. முதல் பகுதில பாஸ் வாசிக்கற நாலு ஸ்வரத்தை எடுத்து அந்த மனுஷன் பன்னெண்டு ஸ்ருதிலயும் வச்சு வச்சுப் பாக்கறாரு, எந்தக் கதவைத் தட்டுனாலும் உள்ள இருக்கறது அதேதான்ங்கற மாதிரி. முதல் தடவை எனக்கு இது சும்மா அலைச்சலாத்தான் தெரிஞ்சுது. நாலாவது பகுதி சுத்தமா புரியல, தாளமே இல்ல, சாக்ஸ் பாட்டுக்கு எங்கயோ நடக்குது. ரெண்டாவது தடவை கேக்கறதுக்கு முன்னாடிதான் படிச்சேன், ஆல்பத்தோட அட்டைல கோல்ட்ரேன் கடவுளுக்கு எழுதுன ஒரு கவிதை அச்சடிச்சிருக்கு, நாலாவது பகுதில அவர் வாசிக்கறது அந்தக் கவிதையோட சொற்களைத்தான், அசை அசையா. கவிதையை கையில வச்சுக்கிட்டு கேட்டேன். அடடா, இது விருத்தம்! தாளம் கட்டாம, வரி முடியற இடத்துல நிறுத்தி, மூச்சு விட்டு, அடுத்த வரியை எடுக்கற அதே விருத்தம். பின்னாடி டிம்பனிங்கற பெரிய முரசு உருளுது. கண்ணு கலங்கிடுச்சுன்னு சொல்றதுல எனக்கு ஒரு கூச்சமும் இல்ல.

சரி, இப்படிக் கேக்க ஆரம்பிச்சா மியூசிக் ஆப்புங்க எவ்வளவு குறுக்க நிக்குதுன்னு தெரியும். எல்பி காலத்துல ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 22 நிமிஷம்தான். அதனால ஒவ்வொரு ஆல்பத்துக்கும் ரெண்டு ஆரம்பம், ரெண்டு முடிவு இருக்கும், நடுவுல எழுந்து போய் தட்டைத் திருப்பிப் போடணும். அந்த இடைவெளியையும் கணக்குல வச்சுத்தான் பாட்டை அடுக்கியிருக்காங்க. சோல் பாடகர் மார்வின் கேயோட 'வாட்ஸ் கோயிங் ஆன்', 1971, முதல் பக்கம் முழுக்க ஒரு பாட்டு அடுத்த பாட்டுக்குள்ள வழிஞ்சு போகும். வியட்நாம் போர்ல இருந்து திரும்பி வந்த ஒருத்தன் தன்னோட தெருவைப் பாக்கற பார்வைலதான் எல்லாமே. அதை ஷஃபிள்ல போட்டா ஒரு நாவலோட அத்தியாயத்தைக் கலைச்சுப் போட்டுப் படிக்கற மாதிரிதான். ஒரு பாட்டோட முடிவுல அடுத்த பாட்டைக் கலந்து விடற கிராஸ்ஃபேட்னு ஒரு செட்டிங் இருக்கும், அதை முதல்ல ஆஃப் பண்ணுங்க. அதை விட மோசம் 'டீலக்ஸ் எடிஷன்'. ஆல்பம் முடியற இடம்னு ஒண்ணை அவங்க யோசிச்சு வச்சிருப்பாங்க, அது முடிஞ்ச அடுத்த நொடியே ஒரு டெமோ, ஒரு லைவ், ஒரு ரீமிக்ஸ்னு வந்து விழும். ஒரிஜினல் ட்ராக் லிஸ்ட் எத்தனைன்னு பாத்து அங்கயே நிறுத்திடுங்க, அதுக்கப்புறம் வர்ற அமைதியும் ஆல்பத்துல ஒரு பங்குதான்.

லிஸ்ட்ல எது முதல் இடம், எது பத்தாவது இடம்னு சண்டை போடறதுல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003ல போட்ட 500 ஆல்பம் லிஸ்ட்ல முதல் இடம் பீட்டில்ஸோட 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்'க்கு, மார்வின் கே ஆறாவது. 2020ல புதுசா ஓட்டெடுத்தப்போ மார்வின் கே முதல் இடம், 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' 24. ரெக்கார்டுல ஒரு ஸ்வரம்கூட மாறல, ஓட்டுப் போட்ட ஆளுங்க மாறியிருக்காங்க. அதனால நம்பரைப் பாக்காதீங்க, ஆல்பத்தை மட்டும் எடுத்துக்குங்க.

எனக்கு உண்மையிலேயே கோவம் வர்றது விட்டுப்போனதைப் பாத்துதான். இந்தப் பெரிய லிஸ்ட் எல்லாத்துலயும் இங்கிலீஷ் தாண்டி வர்றது ரொம்ப கம்மி. உலகத்துல பாடுறவங்க பாதிப் பேர் ஒரு கதவுக்கு வெளியவே நிக்கற மாதிரி இருக்கு. அதனால நானே சேத்தேன். நைஜீரியாவோட ஃபெலா குட்டி போட்ட 'ஸாம்பி', 1976, எல்பில ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, பல நிமிஷம் பேண்ட் மட்டுமே கொதிச்சுக்கிட்டு இருக்கும், அதுக்கப்புறம்தான் மனுஷன் வாயைத் திறப்பாரு. சொன்னதைக் கேட்டு நடக்கற ராணுவத்தைக் கிண்டலடிச்ச பாட்டு, அடுத்த வருஷமே ராணுவம் அவர் வீட்டுக்குள்ள புகுந்து கொளுத்துச்சு. அப்புறம் அதே 1976ல வந்த, சக்திங்கற பேண்டோட முதல் ஆல்பம், மெக்லாக்லின் கிட்டாரும் விக்கு விநாயக்ராம் கடமும் பேசிக்கறது. இளையராஜாவோட 'ஹௌ டு நேம் இட்', 1986, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக்ங்கறவருக்கும் சமர்ப்பணம்னு போட்டு வந்தது. இதை நான் பல வருஷமா கேட்டவன்தான், ஆனா 200 ஆல்பம் தாண்டி பாக்கையும் நல்லாக் கேட்டுட்டு திரும்பி வந்தப்போ வயலின்கள் ஒண்ணுக்கொண்ணு துரத்துற இடமெல்லாம் வேற மாதிரி கேட்டுச்சு, எந்தக் கோடு யாரு வீட்டுல இருந்து வருதுன்னு விரல் வச்சுக் காட்டலாம் போல.

ஹிப்ஹாப் பக்கம் நான் போனதே இல்ல, அது வெறும் பேச்சுன்னு ஒரு எண்ணம். ராப்பர் நாஸோட 'இல்மாட்டிக்', 1994, வெறும் 10 ட்ராக், 40 நிமிஷத்துக்கிட்ட, அப்போ அவருக்கு 20 வயசு. முதல் தடவை வேகம் மட்டும்தான் காதுல விழுந்துச்சு. ரெண்டாவது தடவை வரிகளை எதிர்ல வச்சுக்கிட்டு கேட்டேன். இயைபு வரிக்கடைசில மட்டும் நிக்கல, வரிக்கு நடுவுல ரெண்டு, மூணு, அடுத்த வரியோட வயித்துல ஒண்ணுன்னு கோத்துக்கிட்டே போறாரு, தமிழ்ல எதுகை, மோனை, இயைபுன்னு செய்யுள் தொடைகளைப் பத்திப் படிச்சவங்களுக்கு இது சட்டுனு பிடிபடும். அதுல ஒரு பாட்டுக்குப் பின்னாடி ஓடுற பியானோ அஹ்மத் ஜமால் 1970ல வாசிச்சது, அந்த ஜமாலை மைல்ஸ் டேவிஸ் தலையில வச்சுக் கொண்டாடியிருக்காரு. இன்னொரு பாட்டு முடியற இடத்துல கார்னெட்ங்கற சின்ன ட்ரம்பெட் மாதிரி வாத்தியம் வாசிக்கறது நாஸோட அப்பா ஒலு டாரா, ஜாஸ்காரர். மகன் பேசி முடிச்ச இடத்துல அப்பா வந்து ஊதிட்டுப் போறாரு. இந்த ஜாஸ், ராப், சோல்ங்கற அலமாரியெல்லாம் விக்கறதுக்காகப் போட்டதுதான்னு எனக்கு அங்கதான் உறைச்சுது.

எல்லாமே ரெண்டாவது தடவைல திறந்துடும்னு சொல்லல. கேப்டன் பீஃப்ஹார்ட்டோட 'ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா', 1969, 28 ட்ராக். பல மாசம் ஒரே வீட்டுல அடைஞ்சு கிடந்து ரிகர்சல் பண்ணது, கலைஞ்சு கிடக்கற மாதிரி கேக்கறதுல பெரும்பாலானது மனப்பாடம் பண்ணி வாசிச்சது. அஞ்சு தடவை கேட்டாச்சு. உழைப்பு புரியுது, மனசு ஒட்டல. அதை அப்படியே எழுதி வச்சிருக்கேன், அடுத்த வருஷம் பாப்போம்.

நேத்து கேட்டது 263, பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் வாசிச்ச பாக்கோட 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்'. ஒரு ஏரியா (பாட்டு மாதிரி ஒரு சின்ன மெட்டு), அதுக்கப்புறம் 30 வேரியேஷன், கடைசில அதே ஏரியா திரும்ப வரும். 1955ல, 22 வயசுல, அவர் ரெக்கார்ட் பண்ணது 38 நிமிஷம்தான், பறக்குது. 1981ல அதையே திரும்ப வாசிச்சாரு, இந்தத் தடவை 51 நிமிஷம். ரெண்டுமே ஒரே ரூம், நியூயார்க் 30வது தெருவுல சர்ச்சா இருந்து ஸ்டூடியோவா மாறுன கட்டடம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வும் அங்கதான் எடுத்தது, இதை ஆல்பத்தோட வர்ற குறிப்புல (லைனர் நோட்ஸ்) பாத்ததும் பழைய நோட்டை எடுத்து அந்த "ஒண்ணும் நடக்கல" வரியை மறுபடி ஒரு தடவை படிச்சேன்.

ரெண்டையும் அடுத்தடுத்து போட்டேன். முதல் ஏரியா 1955ல ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடுது, 1981ல மூணு நிமிஷம் எடுத்துக்கறாரு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் வச்சுட்டு அது தேயற வரைக்கும் பாத்துட்டு அடுத்ததுக்குப் போறாரு. வால்யூமை ஏத்துனா பியானோவுக்கு அடில அவர் முனகறது கேக்கும், வாசிக்கற கூடவே பாடற பழக்கம் அவருக்கு, எவ்வளவோ பண்ணியும் எடுக்க முடியல. அந்த ரெண்டாவது ரெக்கார்ட் வெளிவந்த கொஞ்ச நாள்ல, 1982 அக்டோபர்ல, அவர் இறந்துட்டாரு. கடைசி ஏரியா போயிட்டிருந்தப்போ நான் பியானோவை விட்டுட்டு அந்த முனகலைத்தான் கேட்டுட்டிருந்தேன். இதுக்கு நோட்டுல இன்னும் வரி எழுதல, ரெண்டாவது தடவை பாக்கி இருக்கு.