கவுதாரிக்கு சீசன் கேட்டால் கொலைகாரனா?

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு தடுமாறுகிறவர் என் பெரியப்பா மகன். பக்கத்தில் மனுவோடு நிற்பது நான்தான். புல்காட்டில் ஓடித் திரிகிற கவுதாரிப் பறவையைப் பற்றி அண்ணன் விவரமாகப் பேசினார். வெட்டிப் போட்டது என்னவோ "கவுதாரி பிடிக்க அனுமதி வேணும்ங்க" என்பதையும், மேடையில் இருந்தவர் "அடுத்து மயிலுக்கும் மனு வருமுங்களா?" என்று கேட்டதையும், அதற்கு அரங்கமே சிரித்ததையும் மட்டும்தான். அப்புறம் மீம். அப்புறம் "காட்டுமிராண்டிகள்", "கொலைகாரர்கள்", "இவனுங்களை உள்ளே தூக்கிப் போடுங்க".

உள்ளே போடுவதற்கு நாங்கள் என்ன செய்தோம்? மனு கொடுத்தோம். சட்டத்தை மீறவில்லை, மாற்றுங்கள் என்று கேட்டோம். மாற்றக் கேட்பது மீறுவது ஆகாது. இந்த ஒரு வரி மண்டையில் ஏறினால் மேற்கொண்டு படியுங்கள்.

மனுவில் என்ன இருந்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா? முதல் கோரிக்கையே கணக்கெடுப்புதான். எங்கள் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலங்களில், எத்தனை கவுதாரி இருக்கிறது என்று வனத்துறை எண்ணட்டும். குறைவு என்று வந்தால் பேச்சே இல்லை, நாங்களே மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். போதுமான அளவு இருந்தால் மட்டும் குளிர்காலத்தில் கொஞ்ச நாள் சீசன், ஆளுக்கு லைசென்ஸ், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கூடாது. முட்டை வைக்கும் மாதங்களில் தொடவே கூடாது. விற்கக் கூடாது. இதுதான் அந்தக் காட்டுமிராண்டித்தனம்.

இதெல்லாம் உலகத்தில் இல்லாத கோரிக்கையும் இல்லை. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே வேட்டைக்கு லைசென்ஸ் இருந்தது. சிறு வேட்டைக்குத் தனி, பெரு வேட்டைக்குத் தனி. 1991 திருத்தத்தில்தான் அதை எடுத்தார்கள். 2022 திருத்தத்தில், எந்த உயிருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று பிரிக்கிற ஆறு அட்டவணைகளை நான்காகச் சுருக்கியபோது கவுதாரி இரண்டாம் அட்டவணைக்கு ஏறிவிட்டது. இப்போது பிடித்தால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தெரியும் சாமி, தெரிந்துதான் மனு கொடுக்கிறோம். தெரியாதவன் மனு கொடுக்க மாட்டான், ராத்திரியில் டார்ச் லைட்டோடு போவான்.

பாகிஸ்தான் பஞ்சாபில் இதே கவுதாரிக்குக் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் சீசன் திறக்கிறார்கள். இதைச் சொன்னதும் "அப்போ அங்கேயே போ" என்று ஒருவர். எதிர்பார்த்ததுதான். சரி, அமெரிக்கா போகலாமா? மிச்சிகனில் 2004-ல் புறா வேட்டைக்குச் சட்டம் போட்டார்கள். எதிர்த்தவர்கள் கையெழுத்து வாங்கினார்கள், 2006-ல் மக்களிடமே ஓட்டுக்கு விட்டார்கள், வேட்டைக்காரர்கள் படுதோல்வி. ஐரோப்பாவில் மால்டா என்கிற குட்டித் தீவு நாட்டில் தலைகீழ். காட்டுப்புறாவுக்கும் காடைக்கும் இருக்கும் வசந்தகால வேட்டையை நிறுத்தச் சொல்லி நாற்பதாயிரம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். 2015-ல் நடந்த வாக்கெடுப்பில் மயிரிழையில் வேட்டைக்காரர்கள் ஜெயித்தார்கள். ஜெயிக்கட்டும், தோற்கட்டும், மனுவைப் படித்துவிட்டு ஓட்டுப் போட்டார்கள் அல்லவா? எங்களுக்கு அந்த மரியாதைகூட வேண்டாம். சிரிக்காமல் கேட்டிருந்தால் போதும்.

"மத்திய சட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸில் என்ன வேலை?" என்று ஒரு வக்கீல் நண்பர். 1976-லிருந்து வனவிலங்கு, மத்திய அரசும் மாநில அரசும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாதா? மாநிலம் திருத்தம் கொண்டுவரலாம், ஜனாதிபதி ஒப்புதல் வாங்கலாம். ஜல்லிக்கட்டுக்கு அப்படித்தானே செய்தோம்? 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2017-ல் மெரினாவில் உட்கார்ந்தோம், சட்டம் மாறியது, 2023-ல் அதே நீதிமன்றம் செல்லும் என்றது. இன்றைக்கு எங்களைத் திட்டுகிற பாதிப் பேருடைய பழைய ப்ரொஃபைல் படம் காளை மாடுதான். அன்றைக்குச் சட்டத்தை மாற்றச் சொன்னால் தமிழன் வீரம், இன்றைக்கு நாங்கள் கேட்டால் கொலை.

காட்டுப்பன்றிக்கும் இப்படித்தான் மனு மேல் மனு கொடுத்தார்கள். 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம் என்று அரசே சொன்னது. உடனே கேட்பீர்கள், பன்றி பயிரை அழிக்கிறது, கவுதாரி என்ன செய்தது என்று. ஒன்றும் செய்யவில்லை. கரையானையும் புல்விதையையும் தின்றுகொண்டு அது பாட்டுக்குக் கிடக்கிறது. அதன் மேல் எங்களுக்கு என்ன கோபம்?

எங்கள் அப்பாரு காலத்தில் ஐப்பசி மழை விட்டதும் ஒரு குருவிக்காரர் வருவார். தோளில் மூங்கில் கூண்டு, அதற்கு மேல் அழுக்குத் துணி, உள்ளே பழக்கின ஆண் கவுதாரி. விடிகிற நேரத்தில் கிளுவை வேலி ஓரமாகக் கூண்டை வைத்து, சுற்றிலும் வரிசையாகக் கண்ணியை நட்டுவிட்டுத் துணியை எடுப்பார். உள்ளே இருக்கிறது கத்தும். காட்டில் இருக்கிற ஆண் கவுதாரிக்கு அது பொறுக்காது. தன் எல்லைக்குள் எவன் வந்தான் என்று கழுத்தை விடைத்துக்கொண்டு கொழுக்கட்டைப் புல்லுக்குள்ளிருந்து ஓடி வரும். வந்தால் கால் மாட்டிக்கொள்ளும். பெட்டை விழுந்தால் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். ஏன் மாமா விடறீங்க என்று கேட்டால், "அடுத்த வருசம் எனக்குச் சோறு வேணாமா சாமி?" என்பார். அவர் லைசென்ஸ் வைத்திருந்தாரா என்று கேட்காதீர்கள். அவருக்கு ரேஷன் கார்டே கிடையாது.

அந்தச் சனங்களை 2023-ல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தார்கள். பறவை எங்கே முட்டை வைக்கும், எப்போது இறகு உதிர்க்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். அந்த அறிவு இன்றைக்குக் குற்றம். அவருடைய பேரன் சந்தையில் பாசிமணி விற்கிறான். மனுவில் கையெழுத்து வாங்கப் போனபோது "போலீஸ் வருமாங்க?" என்றுதான் முதலில் கேட்டான். மீம் போட்டவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

"திறந்துவிட்டால் யார் கண்காணிப்பது?" இப்போது யார் கண்காணிக்கிறார்கள்? முன்கூட்டிச் சொன்னால் கவுதாரிக் கறி கிடைக்கும் இடம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பெட்டை, குஞ்சு, முட்டைக் காலம் என்று எந்தக் கணக்கும் அங்கே இல்லை. லைசென்ஸ் இருந்தால் அந்தப் பணமாவது பறவைக்குப் போகும். அமெரிக்காவில் 1937-ல் போட்ட சட்டப்படி வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடுகிற 11 சதவீத வரி வனவிலங்குப் பணிக்குத்தான் போகிறது.

சைவ நண்பர்கள் எதிர்க்கிறார்கள், அது நியாயம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஈரோடு போகிற வழியில் காடை பிரியாணி தின்றுவிட்டு அதே கையோடு எனக்கு அகிம்சை டைப் பண்ணுகிறவர்களோடுதான். அது பண்ணைக் காடை, ஜப்பான் இனம், வேறு கதை என்பீர்கள். சரி. வாழ்நாள் முழுக்கக் கூண்டில் நெருக்கியடித்து வளர்ந்தது செத்தால் உணவு, வெயிலில் ஓடித் திரிந்தது செத்தால் பாவம். நல்ல கணக்கு.

கவுதாரியை ஒழிப்பது கண்ணியும் துப்பாக்கியும்தான் என்று நினைக்கிறீர்களா? காங்கேயம், மூலனூர் பக்கம் வந்து பாருங்கள். கொறங்காடு என்றால் என்னவென்று மீம்காரர்களுக்குத் தெரியாது. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மாடு மேயும், கீழே கவுதாரி ஓடும். அந்த வேலியை ஜேசிபி ஒரே காலையில் வழித்துப் போட்டுவிடுகிறது. மறுவாரம் கல் நட்டு சைட். இல்லையென்றால் ஏக்கர் கணக்கில் சோலார். அதற்கு மூன்று ஆண்டு சிறை உண்டா? அதைக் கேட்டு எவனாவது ஒரு மீம் போட்டானா? கவுதாரிக்கு ஒரு மதிப்பு இருந்தால், இந்த நிலத்தை வைத்திருக்க எங்களுக்கும் ஒரு காரணம் இருக்கும். பால் விலையை நம்பி மேய்ச்சல் நிலத்தை எத்தனை நாளைக்குக் காப்பாற்றுவது? எங்கள் கிழக்குக் காட்டை ஒட்டியிருந்தது போன வருஷமே போய்விட்டது. விற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பெண்ணுக்குக் கல்யாணம்.

கடைசியாக ஒன்று. வீடியோ பரவியதும் எங்கள் ஊர்க்காரர்களே சிலர், மனுவில் இருக்கும் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லி வாட்ஸப்பில் செய்தி அனுப்புகிறார்கள். கையெழுத்துப் போடும்போது டீயைக் குடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துப் போட்டவர்கள்தான். எடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. நோட்டு வீட்டில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. நேரில் வந்து, என் முன்னால் உட்கார்ந்து, உங்கள் கையாலேயே அடித்துவிட்டுப் போங்கள். வாட்ஸப்பில் சொன்னால் அடிக்க மாட்டேன்.