புரதம் மட்டும் போதுமா?

கரோனாவை வாங்கி மனிதருக்குத் திருப்பித் தரக்கூடிய விலங்குகளை, அவற்றின் செல்லில் உள்ள ஏசிஇ2 புரதத்தை (வைரஸ் உள்ளே நுழைய ஒட்டிக்கொள்ளும் புரதம்) வைத்துக் கணினியில் கணிக்கலாம் என்கிறது உங்கள் கட்டுரை. சரி, ஆனால் அது மட்டும் போதாதே. பன்றியின் புரதத்தில் வைரஸ் ஒட்டும். சோதனையில் பன்றிக்குத் தொற்று சரியாகப் பிடிக்கவே இல்லை. மிங்க் (ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கும் சிறு விலங்கு) கதை வேறு. 2020இல் டென்மார்க் பண்ணைகளில் மனிதரிடம் வாங்கி மனிதருக்கே கொடுத்தது. நெருக்கியடித்து வளர்த்ததும் அதற்கு ஒரு காரணம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் வேலூர் பக்கம் பொய்கை மாட்டுச் சந்தைக்கு வந்து பாருங்கள். வியாபாரி மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவார். (மாட்டுக்குக் கோவிட் லேசில் பிடிக்காது, அது வேறு விஷயம்.) இந்த மாதிரிப் பழக்கமெல்லாம் எந்தக் கணினிக் கணக்கில் வருகிறது? அதை அடுத்த கட்டுரையில் எழுதுங்கள்.