சித்தாள் கூலி

"ஆண் பெண் சம்பள வித்தியாசம் எல்லாம் இப்போது எங்கே இருக்கிறது, அதற்குத்தான் சட்டம் வந்துவிட்டதே" என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். வந்தது உண்மைதான். 1976இலேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. போன வருடம் எங்கள் வீட்டில் மாடி எடுத்தபோது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கூலிக் கணக்கைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு வருவார். கொத்தனாருக்கு 1,100, பெரியாளுக்கு 900, சித்தாளுக்கு 650. பெரியாள் என்றால் ஆண், சித்தாள் என்றால் பெண். பெயர் வைக்கும்போதே ஒருவரைச் சின்ன ஆளாக ஆக்கியாயிற்று. அப்புறம் கூலியைப் பற்றி யார் வாய் திறப்பார்கள்?

நான் கேட்டேன். "அவன் கலவை போடுறான் சார், வெயிட்டான வேலை" என்றார் மேஸ்திரி. கலவை போடுவது கஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கலவையைச் சட்டியில் வாங்கித் தலையில் ஏற்றி, கைப்பிடிச் சுவர் இல்லாத படியில் நாள் முழுக்க மாடிக்குச் சுமந்தது சித்தாளாக வந்த அக்கா. சிமெண்ட் தண்ணீர் சும்மாட்டிலிருந்து வழிந்து காதோரம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். எல்லோருக்கும் முன்னால் வந்து சுவருக்குத் தண்ணீர் பிடிப்பதும், சாயங்காலம் சட்டியும் மம்பட்டியும் கழுவி வைப்பதும் அவர்தான். எது வெயிட்டான வேலை என்று நிறுத்துப் பார்த்தது யார்?

வேலை வேறு, அதனால் கூலி வேறு என்பது பழைய பதில். பெண் சுருக்கெழுத்தர்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்த மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனமும் உச்ச நீதிமன்றத்தில் இதைத்தான் சொன்னது. 1987இல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. கொடுக்க வசதியில்லை என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. ஆனால் மேஸ்திரியின் துண்டுத்தாள் வரைக்கும் எந்தத் தீர்ப்பும் வந்து சேரவில்லையே. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் இருவருக்கும் ஒரே கூலி என்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குத் திரண்டு போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதைச் சோம்பேறி வேலை என்று திட்டியவர்கள், வெளியே அந்தப் பெண்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்று ஒரு நாளாவது விசாரித்திருக்கலாம்.

அந்த 250 ரூபாயைவிட என் மனதை அறுப்பது வேறொன்று. பெரியாளாக வந்த பையனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் கொத்தனாரின் கரண்டியை எடுத்துச் சுவரில் பூசிப் பழகுவான். கொத்தனாரும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார். இரண்டு வருடத்தில் அவன் கொத்தனார் கூலி வாங்குவான். அக்கா இந்த வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் சித்தாள்தான். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியின் உள்மூலையை, யாரும் இல்லாத நேரத்தில், அவரே பூசி முடித்திருந்தார். நான் தடவிப் பார்த்தேன், ஒரு மேடு பள்ளம் இல்லை.

"எப்பக்கா கத்துக்கிட்டீங்க?"

"இத்தனை வருசமா பாத்துக்கிட்டுத்தானே தம்பி நிக்கிறேன்."

அடுத்த மாதம் காம்பவுண்டு சுவர் வேலை இருக்கிறது. பெரியாளுக்கு என்ன கூலியோ அதுதான் அக்காவுக்கும், தெருப்பக்கப் பூச்சு வேலை அவர் கையில்தான் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். மற்ற சைட்டில் பிரச்சினை வரும் என்கிறார், இன்னும் சரி என்று சொல்லவில்லை. நீங்களும் வீடு கட்டுகிறீர்கள் என்றால், அந்தத் துண்டுத்தாளை வாங்கி ஒரு தடவை பாருங்கள்.