கணக்குக் கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

அழகுசாதனப் பொருட்களை வீட்டு பார்ட்டிகளில் விற்பதற்குப் பெண்களைச் சேர்க்க ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் நடந்த கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாக இருந்தேன். வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். அதில் இரண்டாவது வரிசையில் நானும் இருக்கிறேன். "அங்கே இருந்துமா வாயைத் திறக்கவில்லை?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

கூட்டத்துக்கு வந்த ஒரு பெண் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "மாதம் பதினைந்தாயிரம் வரும் என்கிறீர்கள் மேடம். அதில் என் கைச்செலவு எவ்வளவு போகும்?" அவ்வளவுதான். அதற்கு மைக் பிடித்திருந்த மேடம் சொன்ன பதில்: "கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தத் தொழிலில் ஜெயிக்க மாட்டார்கள். கனவு காண்கிறவர்கள்தான் ஜெயிப்பார்கள்." நாற்பது பெண்கள் கைதட்டினார்கள். அவள் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டாள். நான் கைதட்டவில்லை. ஆனால் எழுந்து நின்று பேசவும் இல்லை. அந்த உறுத்தல் நான்கு நாட்களாகப் போகவில்லை.

கணக்குப் பார்க்காமல் நடக்கும் தொழில் எது? யாராவது சொல்லுங்கள்.

என் அத்தை ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் பூ விற்றவள். மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். விடியும் முன்பே சாத்தார வீதிக்குப் போய் உதிரிப்பூ எடுத்து வருவாள். இரவு வந்ததும் முதல் வேலை, கூடையில் மிஞ்சிய பூவை முழம் போட்டு அளப்பது. வாடிய பூவை எதற்கு அளக்கிறாய் என்று சிறு வயதில் கேட்டிருக்கிறேன். "இதுவும் நான் காசு கொடுத்து வாங்கியதுதானே?" என்பாள். நூலுக்கு எவ்வளவு, வாழை நாருக்கு எவ்வளவு, மத்தியானம் குடித்த டீக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தை லாபம் என்பாள். அவளைப் பார்த்து யாரும் 'நீ கனவு காணாதவள்' என்று சொன்னதில்லை. இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கரையேற்றினாள்.

கூடையை இறக்கி வைத்த கையோடு அவள் போட்ட கணக்கை, மைக் பிடித்துக்கொண்டு ஒரு பட்டதாரிப் பெண்ணிடம் 'போடாதே' என்று சொல்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

இப்போது நான் இதையெல்லாம் பேசத் தகுதி உள்ளவளா என்ற கேள்வி வரும். உள்ளவள்தான். 2009இலிருந்து 2013 வரை நான்கு ஆண்டுகள் நானும் அழகுசாதனப் பொருட்களை வீட்டு பார்ட்டிகளில் விற்றேன். என் அட்டையிலும் 'பியூட்டி கன்சல்டண்ட்' என்றுதான் போட்டிருந்தது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்லப்போவதில்லை. பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தான். பகலில் ஐந்து மணி நேரம் என் கையில் இருந்தது. சேர்ந்துவிட்டேன்.

பார்ட்டி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். திருச்சியில் தில்லைநகரிலோ உறையூரிலோ ஒரு தோழியின் வீட்டுக் கூடம். பாய் விரித்திருக்கும். எட்டுப் பத்துப் பெண்கள் வருவார்கள். வீட்டுக்காரி கேசரியும் பஜ்ஜியும் செய்து வைப்பாள். நான் பையைத் திறந்து, ஒருத்தியின் புறங்கையில் க்ரீம் தடவிக் காட்டி, இன்னொருத்திக்குக் கண்மை தீட்டிவிட்டு, கேட்லாகைச் சுற்றுக்கு விடுவேன். பாதிப் பேருக்கு அவர்கள் நிறத்துக்குப் பொருந்தும் பவுடரே அந்த கேட்லாகில் இருக்காது. இருந்தாலும் வாங்குவார்கள். ஏன் தெரியுமா? பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போக நம் பெண்களுக்கு மனம் வராது. கூப்பிட்ட தோழியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அந்த முகதாட்சண்யத்தில்தான் இந்த வியாபாரம் நிற்கிறது. பொருள் நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை. சில க்ரீம்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. ஆனால் அங்கே விலைபோனது க்ரீம் மட்டும் இல்லை.

என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். 2010 அக்டோபர், தீபாவளிக்கு முந்தைய மாதம். ஆண்டிலேயே நல்ல மாதம் அதுதான். ஆறு பார்ட்டிகள். விற்றது 18,000 ரூபாய்க்கு. எனக்குக் கழிவு, அதாவது கமிஷன், இருபது சதவீதம்: 3,600. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் 640. கேட்லாக் 300. திறந்து காட்டும் மாதிரிப் பொருட்கள் 450. வீடு கொடுத்தவர்களுக்குப் பரிசு, தலைக்கு நூறு வீதம் 600. போனுக்கு 150. மிச்சம் 1,460. இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாத இலக்கு 20,000. இரண்டாயிரம் குறைந்தது. குறைந்தால் அடுத்த நிலை போய்விடும் என்று எனக்கு மேலே இருந்தவர் இரவு பத்து மணிக்கு போன் செய்தார். என் கழிவு போக 1,600 ரூபாய் கொடுத்து நானே வாங்கி இலக்கை நிரப்பினேன். நல்ல மாதத்தில் நான் சம்பாதித்தது என் கையிலிருந்து போன 140 ரூபாய். அந்த மாத இறுதிக் கூட்டத்தில் எனக்கு மேடையில் பூங்கொத்து கொடுத்தார்கள்.

வாங்கிய லிப்ஸ்டிக்குகள் பரணில் இருந்தன. அழகுசாதனப் பொருட்களுக்குக் காலாவதித் தேதி உண்டு. அத்தையின் பூ ஒரே நாளில் வாடும், என் சரக்கு வாட இரண்டு ஆண்டுகள் ஆயின. அவள் அன்றிரவே செலவில் எழுதினாள். நான் எழுதவே இல்லை. இந்த நோட்டைக்கூட நான்காம் ஆண்டு, விட்டுவிடுவது என்று முடிவு செய்த பிறகுதான் பழைய ரசீதுகளை வைத்துப் போட்டேன். போட்டு முடித்த இரவு தூங்கவில்லை.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சேர், சேராதே என்பது என் பேச்சு இல்லை. கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய். அந்தக் கேள்வியைக் கேட்டவளை உட்கார வைக்காதே.

இனி வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். "உங்களுக்குத் திறமை இல்லை, தோற்றுப்போனவர் பேசுகிறீர்கள்" என்று ஒன்று. இருக்கலாம். நான் பெரிய விற்பனைக்காரி இல்லை. ஆனால் சேரும்போது யாரும் என் திறமையைச் சோதித்துச் சேர்க்கவில்லையே? 'யார் வேண்டுமானாலும் செய்யலாம்' என்றுதானே சேர்த்தார்கள்? தோற்ற பிறகு மட்டும் திறமை எங்கிருந்து வந்தது?

"எத்தனையோ பெண்கள் இதில் வாழ்கிறார்கள்" என்று இன்னொன்று. வாழ்கிறார்கள். எனக்கே இரண்டு பேரைத் தெரியும். ஒருவர் கே.கே. நகரில் பதினைந்து ஆண்டுகளாகச் செய்கிறார், கடனுக்கு ஒரு சோப்புகூடக் கொடுக்க மாட்டார். அவரிடம் பேரேடு இருக்கிறது. சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

மூன்றாவது, ஆண்களிடமிருந்து வரும்: "எல்லாமே மோசடி, படித்த பெண்கள் ஏன் இதில் போய் விழுகிறார்கள்?" இந்தப் பேச்சுதான் என்னை அதிகம் சுடுகிறது. நீங்களும் அந்த மைக் பிடித்தவரும் ஒன்றையே செய்கிறீர்கள். அவர் கணக்குப் பார்க்காதே என்கிறார். நீங்கள், அவளுக்குக் கணக்குத் தெரியாது என்கிறீர்கள். எல்லாமே மோசடி இல்லை. பொருளை விற்று, விற்ற பொருளுக்குக் கழிவு வாங்குவது தொழில். ஆள் சேர்ப்பதற்குப் பணம் என்றால்தான் அது வேறு. நேரடி விற்பனைக்கு, அதாவது கடை இல்லாமல் இப்படி ஆட்கள் மூலம் விற்பதற்கு, 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே, ஆள் சேர்த்ததற்காகப் பணம் தரக் கூடாது, சேர்க்கைக் கட்டணம் வாங்கக் கூடாது, விற்கக்கூடிய நிலையில் உள்ள சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்றெல்லாம் இருந்தது. 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனைக்கு விதிகளே வந்துவிட்டன. ஆள் சேர்ப்பதிலேயே பணம் பார்க்கும் பிரமிடு திட்டம் கூடாது, விற்பனையாளரோடு முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதில் ஒரு வரியாவது பேசப்பட்டதா? பேசப்பட்டது, 'ஆளுக்கு மூன்று பேரைக் கூட்டி வாருங்கள்' என்பதுதான். மூன்று, ஒன்பது, இருபத்தேழு என்று பெருக்கிப் பாருங்கள். பதின்மூன்றாவது படியில் 15,94,323 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகரத்தின் மொத்த மக்கள்தொகையே எட்டரை லட்சத்துக்குள்தான். கைக்குழந்தைகளையும் சேர்த்து.

இந்த வீட்டு பார்ட்டி முறையைப் பிரபலமாக்கிய பெண்ணைப் பற்றி அந்த மேடையில் யாராவது சொல்லியிருந்தால் எழுந்து கைதட்டியிருப்பேன். பிரவுனி வைஸ். அமெரிக்காவில் மணவிலக்குப் பெற்று, ஒரு மகனைத் தனியாக வளர்த்தவர். கடைகளில் தூங்கிக்கொண்டிருந்த டப்பர்வேர் பிளாஸ்டிக் டப்பாக்களை வீட்டுக் கூடங்களில் விற்றுக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் 1951இல் அந்தக் கம்பெனியின் முதலாளி ஏர்ல் டப்பர் அவரைத் துணைத் தலைவராக்கி, கடைகளிலிருந்து சரக்கை எடுத்துவிட்டு பார்ட்டிகளை மட்டுமே நம்பினார். 1954இல் 'பிசினஸ் வீக்' இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர். 1958இல் அவரை வெளியே அனுப்பினார்கள். கையில் ஒரு பங்குகூட இல்லை. வழக்குப் போட்டு ஓராண்டுச் சம்பளம், சுமார் 30,000 டாலர் வாங்கினார். அதே ஆண்டில் டப்பர் தன் கம்பெனியை விற்றார், 1.6 கோடி டாலருக்கு. அந்த மாபெரும் விற்பனைக்காரிக்கே தன் பங்கு என்ன என்பது எழுத்தில் இல்லாமல் போனது. அப்படியிருக்க, எங்கள் மொட்டைமாடியில் ஒரு பெண் தன் கைச்செலவைக் கேட்டது குற்றமா?

எழுத எழுத எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நாங்கள் ஏன் இவ்வளவு எளிதாகக் கணக்கில்லாமல் வேலை செய்யச் சம்மதிக்கிறோம்? வீட்டில் பழகிவிட்டோம். சமைப்பதற்கு நேரம் எழுதுவதில்லை. மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் நான்கு மணி நேரம் வரிசையில் நிற்பதை யாரும் எங்கும் பதிவதில்லை. அதே பழக்கத்தில் பார்ட்டிக்குப் போய் வரும் நேரத்தையும் எழுதாமல் விட்டேன். என் 2010 அக்டோபர் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குக்கூடக் கூலி போடவில்லை, கவனித்தீர்களா? நானும் இப்போதுதான் கவனிக்கிறேன். நான் விற்றுக்கொண்டிருந்த நான்கு ஆண்டுகளும் என் கணவர் உறவினர்களிடம் 'பொழுதுபோக்குக்கு ஏதோ செய்கிறாள்' என்றுதான் சொன்னார். நல்ல மனிதர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் வலித்தது. இன்றும் வலிக்கிறது. அவருடைய வேலையை நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நோட்டில் ஏறாத இன்னொரு செலவும் உண்டு. என் நாத்தனார். அவள் வீட்டில்தான் என் முதல் பார்ட்டி நடந்தது. தன் தோழிகள் எட்டுப் பேரைக் கூட்டி வந்தாள். இரண்டாம் ஆண்டு இலக்கு நெருக்கும்போதெல்லாம் அவளுக்குத்தான் போன் செய்தேன். 'ஒரே ஒரு பேஸ் வாஷ் எடுத்துக்கொள்' என்பேன். எடுத்துக்கொள்வாள். பிறகு ஒரு நாள் சத்திரம் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்ததும் பத்திரிகைக் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். என் தோளில் அந்தப் பை இருந்தது. அவள் நின்றதை நானும் பார்க்காதது போல வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். இப்போது நன்றாகப் பேசிக்கொள்கிறோம். ஆனால் என் போன் வந்தால் இன்றும் அவள் குரலில் முதல் நொடி ஒரு தயக்கம் இருக்கிறது. அதை என்ன விலைக்கு எழுதுவது?

மைக் பிடித்த அந்த அம்மாவுக்கு என் மேல் கோபம் வரலாம். வரட்டும். அவரும் தன் இலக்கோடு மல்லுக்கட்டுகிறவராகத்தான் இருப்பார், அவருக்கும் இரவு பத்து மணிக்கு யாரோ போன் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணிடம் அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். கழிவு எவ்வளவு, இலக்கு தவறினால் என்ன, மிஞ்சிய சரக்கை எத்தனை நாளுக்குள் யார் திரும்ப எடுப்பார்கள், தன் சொந்த ஆறு மாத வரவு செலவு என்ன. நான்கே வரிகள். கொடுத்துவிட்டால் இந்தப் பதிவை நானே எடுத்துவிடுகிறேன்.

அந்தப் பெண் நேற்று போன் செய்தாள். "அக்கா, எனக்கு இதில் ஆசை இருக்கிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது" என்றாள். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். பரணிலிருந்து என் பழைய நோட்டை இறக்கித் துடைத்து வைத்தாயிற்று. இருவரும் உட்கார்ந்து அவள் கணக்கைப் போடப்போகிறோம், இந்த முறை மணி நேரத்தையும் சேர்த்து. அதன் பிறகும் சேர்கிறேன் என்றால், அவளுடைய முதல் பார்ட்டி என் வீட்டுக் கூடத்தில் நடக்கட்டும். கேசரி நான் கிளறுகிறேன். பரிசுப் பொருள் எதுவும் எனக்கு வேண்டாம்.