23 நிமிடத்தை நறுக்காதீர்கள்

வட சென்னைக்காரன் ஒருவன் சைக்கடெலிக் ராக், அதாவது மயக்கநிலையை எழுப்பும் ஒலிகளால் ஆன ராக் இசை, கேட்பதாகச் சொன்னால், எதிரில் இருப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது கஞ்சா. அடுத்து, "உனக்கு எதற்கு இந்த வெள்ளைக்காரன் இரைச்சல்?" என்ற கேள்வி. இரண்டுமே எனக்குக் கோபமூட்டுகின்றன. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்து, இன்றும் அங்கேயே இருந்துகொண்டு, அந்த இசையின் கிளையான, விண்வெளியில் மிதப்பதுபோல் ஒலிக்கும் ஸ்பேஸ் ராக் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவன் நான்.

போதையைப் பற்றி முதலிலேயே பேசி முடித்துவிடுகிறேன். 1960-களின் லண்டனில் இந்த இசையைச் சுற்றி எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் இருந்தது உண்மை. இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் முதல் ஆல்பம் 1967-இல் வந்தது. அதன் பெரும்பாலான பாடல்களை எழுதிய சிட் பாரெட் அடுத்த ஆண்டே குழுவில் இல்லை. போதையும் குலைந்துபோன மனநலமும் அந்த இளைஞனிடமிருந்து இசையைப் பறித்துக்கொண்டன. எங்கள் தெருக்களிலும் அப்படிப் பறிகொடுத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். தெளிந்த தலையோடு கேட்டால்தான் இந்த இசையின் அடுக்குகள் பிரிந்து கேட்கும் என்பதை உறுதியாகச் சொல்கிறேன்.

அதே குழு 1971-இல் வெளியிட்ட 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'எக்கோஸ்' என்ற ஒரே பாட்டு 23 நிமிடத்துக்கும் மேலாக அந்தப் பக்கம் முழுவதையும் ஆள்கிறது. குழுவின் ரிச்சர்ட் ரைட் பியானோவில் ஒற்றைச் சுரத்தைத் தட்டுகிறார். சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக வரும் அது, நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியாக ஆழத்திலிருந்து எழுகிறது. நடுவில் தாளம் அற்றுப்போய், காற்றும் கிறீச்சொலிகளும் மட்டுமே மிஞ்சுகின்றன. குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர், ஒலியைக் காலால் மாற்றும் வா-வா பெடலைத் தலைகீழாக இணைத்துக் கிட்டாரில் எழுப்பிய ஒலி அது. மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டிலிருந்து வந்திருந்த நண்பர் அதைக் கேட்டதும் "கடற்காகம்" என்றார். அவருக்கு யாரும் எதையும் விளக்கியிருக்கவில்லை. இந்த இசைக்கு வேண்டிய காது எங்களிடம் இல்லை என்பவர்கள் அவரோடு வந்து உட்கார்ந்து பேசட்டும்.

ஹாக்விண்ட் என்ற இன்னொரு ஆங்கிலேயக் குழு எனக்கு இன்னும் நெருக்கம். 1970-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த இசை விழாவில், டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே இருக்க, இவர்கள் வேலிக்கு வெளியே இலவசமாக வாசித்தார்கள். அந்தக் குழுவில் டிக்மிக் என்பவர் கையாண்ட கருவிகளில் ஒன்று ஆடியோ ஜெனரேட்டர். அது வாத்தியமே அல்ல, சோதனைக் கருவி. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு அதன் குமிழைத் திருகினால் எழும் ஊளை நன்றாகத் தெரியும். அந்த ஊளையை எதிரொலிக் கருவிக்குள் செலுத்தித்தான் அவர் விண்வெளியை உண்டாக்கினார்! 1972 டிசம்பரில் லண்டனிலும் லிவர்பூலிலும் மேடையில் பதிவுசெய்து, 1973-இல் இரட்டைத் தட்டாக வந்த 'ஸ்பேஸ் ரிச்சுவல்' அதன் உச்சம். குழுவின் லெம்மி வாசிக்கும் பேஸ் கிட்டார் ஒரே பாதையில் விடாமல் உறுமிக்கொண்டு போகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கவிதை வாசிப்பும் மின்னொலிகளும் புகுந்து, மௌனத்துக்கே இடம் வைப்பதில்லை. கொருக்குப்பேட்டையில் சரக்கு ரயில் பெட்டிகள் மோதிக்கொள்ளும் ஓசையையும், மணலி ஆலைகளின் ஓயாத இரைச்சலையும் கேட்டு வளர்ந்தவனுக்கு இது அந்நியமாக ஒலிக்க எந்தக் காரணமும் இல்லை.

சரி, ஏன் இசைத்தட்டு? ஒலி சி.டி.யைவிட மேலானது என்று நான் வாதாட மாட்டேன். அளந்து பார்த்தால் சி.டி.தான் வெல்லும். என் காரணம் வேறு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 22 நிமிடம் சௌகரியமாக அடங்கும். அதற்கு மேல் போனால் முள் ஓடும் வரித்தடங்களை நெருக்கி வெட்ட வேண்டும். ஒலியின் வலு குறையும். இந்தக் கலைஞர்கள் அந்த எல்லையைத் தெரிந்துகொண்டு, அதன் விளிம்பு வரை போய் நின்றார்கள். அந்த ஒரு பக்கத்தின் தடத்தை நீட்டி வைத்தால் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் வரும். வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும் தடம், உள்ளே போகப்போக 20 சென்டிமீட்டராகக் குறைகிறது. அதனால் ஒலி கரகரக்க அதிக வாய்ப்புள்ள இடமும் அந்த உள்வட்டம்தான். 'எக்கோஸ்' முடிவில் குரல்கள் மேலேறி மேலேறிக் கரைவது சரியாக அங்கேதான் வருகிறது. அந்தச் சிறு கரகரப்போடு கேட்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. கைபேசியில் கேட்பவர்கள் பியானோ ஒலி இரண்டு முறை வந்ததுமே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். பாட்டின் நடுவே விளம்பரம் வந்து விழுவதையும் பொறுத்துக்கொள்கிறார்கள். என்னால் முடியாது.

இசைத்தட்டு பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற பேச்சும் வேண்டாம். புதிய மறுபதிப்புகளின் விலை அநியாயம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வண்ணத் தட்டு, 180 கிராம் கனம் என்ற பெயரில் கேட்கும் காசுக்கு இங்கே ஒரு மாத வாடகையே கொடுத்துவிடலாம். ஆனால் தட்டின் நுணுக்கம் எங்கள் தெருக்களுக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போட்ட சவுண்ட் சர்வீஸ்காரர்கள் இங்கே வாழ்ந்தார்கள். 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகளைப் புரட்டிய கைகள் இங்கே இருக்கின்றன. புளியந்தோப்பில் அந்தக் காலத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்திய பெரியவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தபோது, பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "முள்ளுக்குப் பாரம் அதிகம் தம்பி, தட்டு தேய்ந்துவிடும்" என்றார். அளந்து பார்த்தேன், அவர் சொன்னது சரி.

கடற்காற்றில் உறைகள் பூஞ்சை பிடிக்கும். மே மாத வெயிலில் தட்டு வளைந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு தரைத்தளத்தில் யாரும் எதையும் நம்பி வைப்பதில்லை. அதனால்தான் இதைத் தனியொருவர் வீட்டுப் பரணில் பூட்டிவைக்கும் பொருளாக விடக்கூடாது என்கிறேன். ராயபுரத்திலோ பெரம்பூரிலோ ஒரு நூலகத்தின் மாடியில் ஒரு கேட்பு அறை வேண்டும். நல்ல ரெக்கார்டு பிளேயர் ஒன்று, ஸ்பீக்கர் இரண்டு, இருபது நாற்காலிகள், சாத்தினால் ஓசை கசியாத கதவு. மாதம் ஒரு மாலை, ஒரு தட்டின் இரண்டு பக்கமும், நடுவில் யாரும் எழுந்து போகாமல். அதற்கு என் தட்டுகளை இரவல் தரத் தயாராக இருக்கிறேன். இடம் கேட்டுத் தரக்கூடியவர்கள் இங்கே எழுதுங்கள்.